ஆறு மூடி பேட்டரி

அந்தக் காருக்குள் ஏறி உட்காரவே ஒரு வித்தை தெரிந்திருக்க வேண்டும். ஷெட் அவ்வளவு ஒடுக்கம். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு சுவரை ஒட்டியே நிற்கும், திறக்க முடியாது. மறுபக்கத்துக் கதவு ஒரு முழம் திறக்கும். அந்த ஒரு முழத்துக்குள் முதலில் ஒரு காலை விட்டு, பிறகு தலையை விட்டு, வயிற்றை எக்கி, கியர்க் கம்பியில் முழங்காலை இடித்துக்கொள்ளாமல் தாண்டிப் போய் ஸ்டியரிங் முன்னால் விழ வேண்டும். விழுந்த பிறகு யாராவது வாசலில் கூப்பிட்டால்கூட சட்டென்று எழுந்து போக முடியாது.

சின்னவள் இந்த வித்தையை ஒன்பது வருஷமாக, ஞாயிறு தவறாமல், காலை பதினோரு மணிக்குச் செய்து வந்தாள். நாற்பத்து மூன்று வயதாகியும் அவளுக்கு வீட்டில் சின்னவள் என்றுதான் பெயர். அவளுக்கு மேலே ஒரே ஒரு அண்ணன். கல்யாணம் மூன்று வருஷத்திலேயே கசந்து, ஒரு பெட்டியோடு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்த ஆறாவது மாதம் அண்ணனுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. அவன் மனைவி மக்களோடு கிளம்பினான். "வீடு உன் வீடு மாதிரி. ஆயுசுக்கும் இரு. வண்டியை மட்டும் பாத்துக்கோ" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அந்த 'மட்டும்' இருக்கிறதே, அது அவளைவிடப் பெரியதாக வளர்ந்துவிட்டது.

வண்டி அண்ணன் பிறப்பதற்கு முன்னால் செய்தது. தவளைக் கண் போல் இரண்டு விளக்கு, வெண்ணெய் நிறம், மூக்கில் வெள்ளிப் பட்டை. அவன் அதை வாங்கியது ஊர் போவதற்கல்ல, வைத்துக்கொள்வதற்கு. இப்படிப் பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சங்கம்கூட இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மைதானத்தில் எல்லாக் கார்களின் வாயையும் திறந்து வைத்து, ஒருவர் காருக்குள் இன்னொருவர் எட்டிப் பார்ப்பார்கள். பல் டாக்டர்கள் கூட்டம் போல இருக்கும்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அண்ணனின் போன் வரும். போனை ஸ்பீக்கரில் போட்டு முன்பலகையில் வைக்க வேண்டும். சாவியைத் திருப்ப வேண்டும். பட்டனை அழுத்த வேண்டும். எஞ்சின் செருமிக்கொண்டு எழும்பும்.

"ஆக்ஸிலேட்டரை மிதிக்காத. வயசான எஞ்சின், அதட்டக் கூடாது. செவப்பு லைட் எரியுதா?"

"எரியுது அண்ணா."

"எரிஞ்சா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். பத்து நிமிஷம் உட்காரு."

பத்து நிமிஷம் உட்காருவாள். முன்னால் சுவர். பக்கத்தில் சுவர். சுவரில் எதையோ மாட்டுவதற்காக அடித்து, எதையும் மாட்டாமல் விட்ட ஒரு ஆணி. வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக எரியும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது எரிகிறவரைக்கும் தான் செய்வது சரி என்று ஒரு நிம்மதி.

இதில் ஒரு கொடுமை, இவ்வளவு செய்தும் பேட்டரி தங்கவில்லை. ஒன்பது வருஷத்தில் நான்கு பேட்டரி. ஒவ்வொன்றும் இரண்டரை வருஷம் தாண்டினால் பெரிது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்பான்: "எந்த வாரம் விட்ட?"

விடவில்லை. ஆனாலும் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு எட்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டோமோ? அதனால் மூன்றாவது பேட்டரிக்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போவதையே நிறுத்தினாள். கூடப் படித்தவளுடைய மகள் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போகவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வேன் வைத்து அருவிக்குப் போனார்கள். போகவில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு இருந்த ஒரு ஞாயிறு, போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் வண்டிக்குள் விழுந்தாள்.

அவள் வேலை செய்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னறையில். வட்டமான கண்ணாடி வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி விளிம்பு தேய்த்து உட்கார வைக்கிற வேலை. நல்ல கை. அரை மயிரிழை பிசகாது. கடையின் முதலாளியம்மா வேறொரு ஊரில் கிளை திறக்கப் போகிறார். "நீதான் அங்க எல்லாம் பாத்துக்கணும். மாடியிலயே தங்க அறை இருக்கு" என்று மூன்றாவது முறையாகக் கேட்டிருந்தார். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கிளை, போன வருஷம் ஒரு கிளை, இரண்டுக்கும் இவள் "வண்டி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டாள். இந்தத் தடவை முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை சொல்லு. இல்லேன்னா அந்தப் பையனுக்குக் கொடுத்துடுவேன். அவன் தேய்ச்ச கண்ணாடியப் போட்டவங்க படியில விழுந்தா அது உன் பாவம்."

ஆக, அந்த ஞாயிறு அண்ணனிடம் கேட்டே விடுவது என்று முடிவு செய்து, கேட்க வேண்டிய வாக்கியத்தைக் குளிக்கும்போதே நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள்.

பட்டனை அழுத்தினாள். டக். அவ்வளவுதான். மறுபடி அழுத்தினாள். அந்த டக்கும் இல்லை.

போனில் அண்ணனுக்கும் அது கேட்டது.

"எந்த வாரம் விட்ட?"

மனப்பாடம் செய்த வாக்கியத்தை அவள் எடுக்கவே இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் ஊர் போக அனுமதி கேட்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். "விடல அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

"சரி, பேட்டரிக்காரரைக் கூப்பிடு. அதே மாதிரி வாங்கு. கறுப்புப் பெட்டி, மேல ஆறு மூடி தெரியணும். இந்தக் காலத்து மூடி இல்லாத டப்பாவ வெச்சா சங்கத்துல சிரிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இனிமேலாவது ஒழுங்கா பாத்துக்கோ" என்றான்.

போன் அணைந்த பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே வர மறுபடி கியரைத் தாண்ட வேண்டும்.

திங்கட்கிழமை காலை பேட்டரிக்காரர் வந்தார். பழைய பேட்டரிக் கடைக்காரர் ஓய்ந்துவிட்டார், இவர் புதிது. வயது அறுபது இருக்கும். ஆசிட் தெறித்துத் தெறித்துச் சட்டையெல்லாம் பொத்தல். அதனால் தெருவே அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிடும். அவரும் அதற்குக் கோபப்படுவதில்லை. "காத்தோட்டமா இருக்கும்மா" என்பார்.

முன்மூடியைத் திறந்து, பேட்டரியின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எத்தனை வருஷம்?"

"ரெண்டு ஆகல."

"ரெண்டு வருஷத்துல எப்படிம்மா இப்படி ஆகும்? தகடெல்லாம் வெள்ளை பூத்துக் கெடக்கு. பட்டினி போட்டுக் கொன்ன மாதிரி இருக்கு."

"பட்டினியா? வாரா வாரம் ஸ்டார்ட் பண்றேன்!" அவள் குரல் உயர்ந்தது. அவளுக்கே ஆச்சரியம். "ஒரு வாரம் விட்டதில்ல. சத்தியமா."

சல்லடை அவளை நிமிர்ந்து பார்த்தார். தான் கொண்டுவந்த பேட்டரியைக் கம்பி போட்டு வண்டியோடு இணைத்தார். "எங்க, வாரா வாரம் என்ன செய்வீங்களோ அப்படியே செய்ங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவள் ஒரு முழத்துக்குள் நுழைந்து, கியரைத் தாண்டி, போய் உட்கார்ந்தாள். சாவி, பட்டன். எஞ்சின் எழும்பியது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது. சல்லடை திறந்த கதவு வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"சார்ஜ் ஏத்துறேன்."

"எங்க ஏறுது?"

"அதோ, லைட் எரியுதே."

பேட்டரிக்காரர் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சிரிக்க வந்த வாய் அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

"அம்மா, கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை மிதிங்க. பயப்படாதீங்க, உடையாது. இன்னும் கொஞ்சம்."

மிதித்தாள். எஞ்சின் குரலை உயர்த்தியது. விளக்கு மங்கி, நடுங்கி, அணைந்தே போனது.

"அணைஞ்சு போச்சு!" என்று காலை எடுத்தாள். விளக்கு மறுபடி எரிந்தது.

"அணைஞ்சாத்தாம்மா ஏறுது. எரிஞ்சா ஏறலைன்னு அர்த்தம். இந்தக் காலத்து வண்டி நின்ன இடத்துலயே கொஞ்சமாவது ஏத்தும். இது பழைய டைனமோ. வேகமா சுத்தினாத்தான் ஊறும். நீங்க ஸ்டார்ட் பண்றதுக்குக் குடத்துல மொண்டு எடுக்குறீங்க, அப்புறம் பத்து நிமிஷம் உட்கார்ந்து கரண்டியில மொண்டு எடுக்குறீங்க. திருப்பி ஊத்தவே இல்ல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொடாம விட்டிருந்தா இதைவிட நாள் தாங்கியிருக்கும்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள்.

அந்த அமைதியில் அவளுக்கு முதலில் வந்தது கோபமல்ல. கல்யாண வீட்டில் தோழி தேடித் தேடிப் பார்த்திருப்பாளே, அந்த முகம்தான் வந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் வந்தது. நான்கு பேட்டரியைக் கொன்றதும் இவள் கைதான். ஆனால் விட்டதால் அல்ல, விடாததால். இதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

"வெளிய வாங்கம்மா" என்றார் சல்லடை. "கை கொடுக்கட்டுமா?"

"வேண்டாம். எனக்கு வழி தெரியும்" என்றாள். தெரிந்த வழியில் கியர் முழங்காலில் பலமாக இடித்தது.

மத்தியானம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் அவள் சல்லடையின் கடைக்குப் போனாள். ஒரே நீளமான அறை. தரையில் மரப்பலகை, பலகை மேல் பேட்டரிகள். மூக்கைக் குத்தும் புளித்த வாடை.

"வண்டி அண்ணனோடது, அவரு ஆறு மூடிதான் கேக்குறாரு. வேற என்னென்ன இருக்கு, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. எனக்கு வண்டி தெரியாது, கண்ணாடி தெரியும்."

"நல்லதாப் போச்சு" என்று அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இது உங்க அண்ணன் கேக்குற ஆறு மூடி. தண்ணி பாத்து ஊத்தணும். ஓட்டுறவன் கையில அஞ்சு வருஷம் வரும். ஓட்டாம வெச்சா, முழுசா சார்ஜ் பண்ணி, கம்பியக் கழட்டி வைக்கணும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப ஏத்தணும். இது மூடி இல்லாதது, உள்ள பஞ்சு மாதிரி ஆசிட்ட உறிஞ்சி வெச்சிருக்கும். சிந்தாது. சும்மா கெடந்தாலும் மெதுவாத்தான் இறங்கும். கம்பியில ஒரு திருகு சுவிட்ச் மாட்டி, அதைத் திருப்பிக் கரண்டை அறுத்து வெச்சுட்டீங்கன்னா மாசக்கணக்குல திரும்பிப் பாக்க வேண்டாம்."

"அது?" ஓரத்தில் கண்ணைப் பறிக்கும் நீல நிறத்தில் சின்னதாக ஒன்று இருந்தது.

"அது லித்தியம். தூக்கிப் பாருங்க, ஈய மூட்டை மாதிரி கனக்காது, பூ மாதிரி இருக்கும். ஆனா அதுக்கு அளந்து ஊட்டணும். உங்க டைனமோ அளந்து ஊட்டுற ஜாதி இல்ல. குதிரைக்கு வாங்கின சேணத்தக் கழுதைக்குப் போட முடியாது."

அவளுக்கு இது நன்றாகப் புரிந்தது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சட்டத்தைப் பார்த்துத்தான் கண்ணாடி வாங்குகிறார்கள். எந்த வில்லை வழியாகப் பார்க்கப் போகிறோம் என்று கேட்பதே இல்லை. அண்ணனும் ஆறு மூடியைத்தான் பார்க்கிறான்.

"அப்ப அதெல்லாம் என்ன?" என்று சுவர் ஓரத்துப் பலகையைக் காட்டினாள். அங்கே எட்டுப் பத்துப் பழைய பேட்டரிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கம்பி ஒன்று போயிருந்தது.

"அது ஹாஸ்டல்" என்றார் சல்லடை. "உங்க அண்ணன் மாதிரி ஆளுங்க. மழைக்காலத்துல வண்டிய எடுக்க மாட்டாங்க, பேட்டரிய இங்க கொண்டு வந்து விட்டுடுவாங்க. நான் சொட்டுச் சொட்டா சார்ஜ் கொடுத்து, தண்ணி பாத்து வெச்சிருப்பேன். வேணும்னா வந்து கூட்டிட்டுப் போவாங்க. சில பேரு போன் பண்ணி நல்லாருக்கானான்னு கேப்பாங்க."

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

சாயங்காலம் அவளே அண்ணனைக் கூப்பிட்டாள். ஞாயிறு அல்லாத நாளில் அவள் கூப்பிட்டது அபூர்வம். "என்ன ஆச்சு, வண்டிக்கு ஏதாவதா?" என்றுதான் எடுத்தான்.

விளக்கு விஷயத்தைச் சொன்னாள். எடுத்த எடுப்பில் அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தாளுக்கு என்ன தெரியும்? புதுசா வந்தவன். நான் இருபது வருஷமா வண்டி வெச்சிருக்கேன்."

"நானே மிதிச்சுப் பாத்தேன் அண்ணா. அணைஞ்சப்பத்தான் ஏறுது."

தூரத்தில் அவன் வீட்டில் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள்.

"அதனால மூடி இல்லாதத வாங்கட்டுமா? வாரா வாரம் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்."

"வேண்டாம். ஆறு மூடிதான்."

"சரி. அப்ப ஆறு மூடிய வாங்கி, அவர் கடையிலயே சார்ஜ்ல வெச்சுடலாம். நீ வரும்போது மாட்டிக்கலாம்."

"பேட்டரி இல்லாத வண்டியா? பொணம் மாதிரி நிக்குமே! அதெல்லாம் வேண்டாம். நீ பாட்டுக்கு வாரா வாரம் பண்ணு. வேணும்னா கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் மிதி."

"எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு." சொல்லிவிட்டாள். குளியலறையில் ஒத்திகை பார்த்த வாக்கியம் இதைவிட நீளம். "கடையோட கிளை. நாளைக்குள்ள சொல்லணும். நான் போலாம்னு இருக்கேன்."

"போயிட்டா வண்டிய யாரு பாக்குறது?"

"அதான் சொன்னேனே, பாக்கத் தேவையில்ல."

"தேவையில்லன்னா," அவன் கோபத்தில் யோசிக்காமல்தான் கேட்டான், "அப்ப இத்தனை நாளா நீ அந்த வீட்டுல எதுக்கு இருந்த?"

கேட்டவனுக்கும் அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். "நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றான் உடனே.

அவள் அழவில்லை. ஒன்பது வருஷமாக யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. எந்த நாளில் வருமோ என்று பயந்து பயந்துதான் ஞாயிறு தவறாமல் அந்த ஒரு முழத்துக்குள் நுழைந்திருக்கிறாள். வந்தே விட்டது. வந்த பிறகு பார்த்தால் அவ்வளவு பெரிதாகவும் இல்லை.

"தெரியல அண்ணா. நானும் இன்னிக்கிக் காலையிலேருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அவன் குரல் வேறு மாதிரி வந்தது.

"அந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் சின்னவளே எனக்கு வாரம் முடிஞ்ச மாதிரி இருக்கும். இங்க யாருக்கும் இது புரியாது. உங்க அண்ணி சிரிப்பா. சத்தம் கேட்டா, நான் எப்ப வேணும்னாலும் வந்து ஏறி ஓட்டலாம்னு தோணும்."

"வர்றியா?"

"லீவு கிடைக்கணும்."

"ஒன்பது வருஷமா?"

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அண்ணனும் எங்கோ ஒரு ஒடுக்கமான ஷெட்டில்தான் நிற்கிறான் போலிருக்கிறது. ஆனால் இரக்கப்பட்டு உட்கார்ந்தால் இன்னும் ஒன்பது வருஷம் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இரக்கம் வேறு, எழுந்து போவது வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவளாகத்தான் கண்டுபிடித்தாள்.

"உன் வண்டி, உன் இஷ்டம். ஆறு மூடியவே வாங்குறேன்" என்றாள். "ஆனா நான் கிளம்புறேன்."

"இரு, இரு, அவசரப்படாத. ஞாயித்துக்கிழமை பேசலாம்."

"செவ்வாய்க்கிழமை சொல்லணும் அண்ணா" என்று போனை வைத்தாள். அவனுக்கு முன்னால் அவள் போனை வைத்தது அதுவே முதல் தடவை. போன் மறுபடி அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். எடுத்தால் சரி என்று சொல்லிவிடுவாள், அவள் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்குமுன் முதலாளியம்மா வீட்டு வாசலுக்கே போய்ச் சொல்லிவிட்டாள். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போகத் திரும்பியவர், நின்று, "வண்டி?" என்று சைகையில் கேட்டார். "அது நிக்கும்மா" என்றாள் சின்னவள்.

சனிக்கிழமை சல்லடையின் கடை. கறுப்புப் பெட்டி, மேலே ஆறு மூடி, அண்ணன் கேட்டது போலவே. சல்லடை அதை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, துடைத்து, சுவர் ஓரத்துப் பலகையில் ஒரு இடம் ஒதுக்கி வைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு அட்டையை நீட்டினார்.

"பேரும் போன் நம்பரும் எழுதுங்கம்மா. மாசா மாசம் ஒரு தகவல் சொல்லுவேன்."

அவள் எழுதி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். சல்லடை கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இது வெளிநாட்டு நம்பரா இருக்கே. உங்க நம்பர் இல்லையா?"

"இல்ல. வண்டிக்காரரு நம்பர்."

"அப்ப எடுக்க யாரு வருவா? நீங்க எப்ப வருவீங்க?"

"நான் வர மாட்டேன்" என்றாள். சொன்ன பிறகு ஒருமுறை வாயை மூடித் திறந்தாள், ஆனால் திருத்தவில்லை. "அவரே வரணும்."

சல்லடை அட்டையில் நூலைக் கோர்த்தார்.